வாய்க்கால் தண்ணீர், போர்த் தண்ணீர்

ஆற்றில் முங்கிக் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். மேட்டூர் திறந்து, திருவையாற்றுப் படித்துறைக்குப் புதுத் தண்ணீர் வந்து சேர்ந்த நாட்கள். படிக்கட்டு முழுக்கப் பேச்சு, துணி துவைக்கும் சத்தம், குழந்தைகளின் கூச்சல். மூச்சைப் பிடித்துக்கொண்டு தலையை உள்ளே அமிழ்த்தினால் அத்தனையும் சட்டென்று அறுந்துபோகும். ஆனால் பக்கத்தில் முங்கியிருக்கும் பையன் இரண்டு கூழாங்கற்களை எடுத்துத் தட்டினால், அது மட்டும் மண்டைக்குள்ளேயே தட்டியது போலத் தெளிவாகக் கேட்கும். எந்தத் திசையிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல முடியாது.

கேள்விப் புலனை அளக்கும் கலை முழுவதும் இந்த ஒரு முங்கலுக்குள் அடங்கியிருக்கிறது.

காற்றில் வரும் ஒலி தண்ணீர்ப் பரப்பில் மோதினால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே இறங்கும். மீதி அத்தனையும் மேலேயே திரும்பிவிடும். படித்துறைப் பேச்சு அறுந்துபோவது அதனால்தான். கூழாங்கல்லின் சத்தமோ தண்ணீரிலேயே பிறந்தது. நம் உடம்பும் பெரும்பாலும் நீர் என்பதால் அந்த அதிர்வு தடையில்லாமல் தலைக்குள் ஏறி, மண்டையோட்டை அதிர வைத்து, காதுத் துவாரத்தின் தயவே இல்லாமல் உட்செவியைப் போய்ச் சேர்கிறது.

உட்செவி என்பது நத்தைக் கூடு போலச் சுருண்ட ஒரு சின்ன எலும்பறை. உள்ளே முழுக்கத் திரவம். அந்தத் திரவத்தில் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை அசைந்தால்தான் நரம்பில் செய்தி கிளம்பும். ஆகவே கரையில் நிற்கும்போதும் நம் காதுக்கு ஆற்றில் முங்கியவனின் சிக்கல்தான்: காற்றின் ஒலியைத் திரவத்துக்குள் எப்படி இறக்குவது? அதற்குத்தான் நடுச்செவி. செவிப்பறை ஒலியை வாங்குகிறது. சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அதைக் கைமாற்றி உட்செவியின் சன்னலில் அழுத்துகின்றன. அங்கவடியின் உயரம் 3 மில்லிமீட்டர்தான், ஒரு நெல்மணியின் பாதிகூட இல்லை. செவிப்பறையில் அதிரும் பரப்பு அங்கவடியின் அடித்தட்டைப் போலச் சுமார் 17 மடங்கு பெரிது. எலும்புகளின் நெம்புகோல் அமைப்பு அதை இன்னும் 1.3 மடங்காக்குகிறது. அகலமான இடத்தில் வாங்கிய விசை ஊசிமுனை போன்ற இடத்தில் இறங்குவதால் அழுத்தம் ஏறக்குறைய 22 மடங்கு பெருகுகிறது. தண்ணீர்ப் பரப்பு திருப்பி அனுப்பியதில் பெரும்பகுதியை இந்த மூன்று எலும்புகளும் மீட்டுக் கொடுத்துவிடுகின்றன.

ஆக, ஒலி போக இரண்டு பாதைகள். காதுத் துவாரம், செவிப்பறை, மூன்று எலும்புகள் என்று போவது காற்றுவழி. மண்டையோட்டை அதிர வைத்து நேரே உட்செவிக்குள் இறங்குவது எலும்புவழி. இரண்டாவது ஏதோ அபூர்வமான பாதை என்று நினைக்க வேண்டாம். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள். செங்கல் உடைகிற மாதிரி கேட்கும். செல்போனில் பதிவான நம் குரலைக் கேட்டு 'இதுவா நான்?' என்று திகைக்கிறோமே, அதுவும் இதனால்தான். பேசும்போது நம் குரல் நமக்கு இரண்டு வழியிலும் வருகிறது, மற்றவர்களுக்கு ஒரு வழியில்தான் போகிறது. பதிவில் இருப்பது மற்றவர்களுக்குப் போய்ச் சேரும் குரல்.

இனி வயலுக்கு வருவோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, புதுஆறு என்று பிரியும் தண்ணீர் கிளை கிளையாகப் பிரிந்து, கடைசியில் ஒரு வாய்க்கால் மடை வழியாக வயலில் ஏறுகிறது. அதே வயலின் மூலையில் ஒரு போர்வெல்லும் இருக்கிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். பயிர் வாடுகிறது. கோளாறு எங்கே? அனுபவமுள்ள விவசாயி மோட்டாரைப் போட்டுப் போர்த் தண்ணீரைப் பாய்ச்சிப் பார்ப்பார். பயிர் நிமிர்ந்தால் மண் நன்றாக இருக்கிறது, வாய்க்கால்தான் தூர்ந்து கிடக்கிறது. மண்வெட்டியோடு போனால் சரியாகிவிடும். போர்த் தண்ணீருக்கும் பயிர் நிமிரவில்லை என்றால் மண்ணிலேயே கோளாறு. வாய்க்காலை எவ்வளவு தூர்வாரினாலும் பயனில்லை. காற்றுவழி வாய்க்கால், எலும்புவழி போர், உட்செவி வயல். இரண்டு வழியிலும் தனித்தனியாக அளந்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிப்பதுதான் செவிச் சோதனையின் சாரம்.

இந்தக் கழித்தலின் அருமையை நான் எங்கள் வீட்டிலேயே கற்றேன்.

என் பெரியப்பா முப்பது வருஷத்துக்கு மேல் ரைஸ் மில் டிரைவர். ஹல்லர் மெஷினுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் நின்றே வாழ்க்கை போயிற்று. பெரியம்மாவுக்குச் சின்ன வயசிலிருந்தே காதில் சீழ் வடியும். குளத்திலும் வாய்க்காலிலும் குளித்துவிட்டு வந்தால் அதிகமாகும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவார்கள், கோழி இறகால் துடைப்பார்கள், பஞ்சை வைத்து அடைப்பார்கள். ஐம்பது வயதை ஒட்டி இருவருக்குமே எதையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. ஊரில் ஒரே வார்த்தைதான்: "ரெண்டு பேருக்கும் காது மந்தம்."

ஆனால் இருவருடைய மந்தமும் ஒன்றல்ல. கவனித்திருந்தால் சோதனை இல்லாமலே புரிந்திருக்கும். பெரியப்பா அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி பேசுவார். பெரியம்மா குசுகுசுவென்று பேசுவார். உட்செவி கெட்டவருக்குத் தன் குரலும் குறைவாகவே கேட்பதால் உரத்துப் பேசுகிறார். வாய்க்கால் மட்டும் அடைபட்டவருக்குத் தன் குரல் எலும்புவழியாக நன்றாகவே வருகிறது. வெளிச்சத்தத்தின் குறுக்கீடும் இல்லாததால், தான் போதுமான அளவு உரக்கப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும்.

இன்னொன்றும் உண்டு. கல்யாண வீட்டில் இரண்டு தவில், நாதஸ்வரம், கெட்டிமேளம் என்று காதைப் பிளக்கும்போது எங்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பேச்சே புரியாது. பெரியம்மா அப்போதுதான் மற்ற நேரத்தைவிட நன்றாகப் பேச்சைப் பிடிப்பார். "வேணும்னுதான் மத்த நேரத்துல கேக்காத மாதிரி இருக்கா" என்று உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். அநியாயமான பேச்சு. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1672ல் வெளியிட்ட நூலில் இதே போன்ற ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்: அறையில் மத்தளம் கொட்டினால்தான் அவளுக்குக் கணவன் பேசுவது கேட்கும், அதற்காகவே அவன் மத்தளம் கொட்டத் தெரிந்த ஒரு வேலையாளை வைத்துக்கொண்டானாம். மத்தளத்தில் மாயமில்லை. இரைச்சலில் எல்லோரும் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். அடைபட்ட காதுக்கு இரைச்சல் குறைவாகவே உள்ளே போகிறது, உயர்ந்த குரலோ எட்டிவிடுகிறது. உட்செவி நன்றாக இருப்பவருக்குத்தான் இந்தச் சலுகை கிடைக்கும்.

எலும்புவழியைப் பற்றி முதலில் எழுதியவர்களில் இத்தாலியின் கார்டானோ ஒருவர். 1550ல், பல்லில் கடித்த கோல் வழியாகவும் ஒலி கேட்கும் என்று குறித்தார். அதே நூற்றாண்டில் பதுவா நகரத்து மருத்துவர் கப்பிவாச்சி அதை நோயறியும் முறையாக்கினார். இரும்புக் கோலின் ஒரு முனை நோயாளியின் பல்லில், மறுமுனை தந்தி வாத்தியத்தில். கேட்டால் செவிப்பறையில் கோளாறு, கேட்காவிட்டால் நரம்பில் கோளாறு. இன்றைய சோதனையின் முழுத் தர்க்கமும் அந்தக் கோலிலேயே வந்துவிட்டது. தஞ்சாவூர் வீணைப் பட்டறைக்குப் போனால் நீங்களே செய்து பார்க்கலாம். வீணையைப் பல்லால் தொடுவதை எந்த ஆசாரியும் ஒப்ப மாட்டார். ஆகவே ஒரு மரக்குச்சியின் முனையைப் பலாமரக் குடத்தில் ஊன்றி, மறுமுனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, காதுகளைப் பொத்திக்கொள்ளுங்கள். தந்தியை மீட்டியதும் குடத்துக்குள்ளேயே தலையை வைத்தது போல நாதம் நிறையும்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி கண் மருத்துவத்தில் ஈடுபாடு கொண்டவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் படங்களோடு சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்த நோயாளிகளின் ஒவ்வொரு கண்ணும் தீட்டி வைக்கப்பட்டிருப்பதை நினைக்கும்போதெல்லாம், காதுக்கும் இப்படி ஓர் ஏடு இருந்திருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கம் வரும். ஆனால் மன்னருக்கு அதற்கான சோதனை முறை கிடைத்திருக்காது. அவர் மறைந்து இரண்டு வருடம் கழித்து, 1834ல்தான், ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஹைன்ரிஹ் வேபர் அதிரும் இசைக்கவையைத் தலையில் வைத்தால் அடைத்த காதில்தான் அதிகம் கேட்கும் என்று எழுதினார்.

வேபரின் சோதனைக்குக் கவைகூடத் தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுங்கள். சத்தம் தலைக்கு நடுவில் நிற்கும். இப்போது ஒரு காதை மட்டும் விரலால் அடையுங்கள். சத்தம் அடைத்த பக்கம் ஓடிவிடும்! திறந்த காதில் எலும்புவழி வந்த ஒலியில் ஒரு பகுதி துவாரம் வழியாக வெளியே நழுவிவிடுகிறது; அடைத்த காதில் அது உள்ளேயே தங்குகிறது. குறும்பி அடைத்தாலும், செவிப்பறை கிழிந்தாலும், அங்கவடி இறுகினாலும் கவையின் ஒலி அந்தக் காதுக்கே சாயும். உட்செவி கெட்டிருந்தால் மாறாக நல்ல காதுக்குச் சாயும்.

1855ல் கோட்டிங்கனில் ஹைன்ரிஹ் அடால்ஃப் ரின்னே இன்னொரு சோதனையைச் சொன்னார். கவையின் அடியைக் காதுக்குப் பின்னால் உள்ள மேட்டெலும்பில் வைக்க வேண்டும். ஒலி அடங்கிவிட்டது என்று நோயாளி சொன்னதும், கவையின் நுனியைக் காதுத் துவாரத்துக்கு நேரே பிடிக்க வேண்டும். நல்ல காதுக்கு இன்னும் கேட்கும், ஏனென்றால் வாய்க்கால்தான் பெரிய பாதை. கேட்காவிட்டால் வாய்க்காலில் அடைப்பு. இன்றும் ஈஎன்டி டாக்டரிடம் போனால் மேசையில் 512 ஹெர்ட்ஸ் கவை இருக்கும். கரெண்ட் வேண்டாம், ஒரு நிமிடம் போதும். ஆனால் குறை எவ்வளவு என்று அது சொல்லாது; இரண்டு வழிக்கும் இடையில் 20, 25 டெசிபலாவது வித்தியாசம் இருந்தால்தான் காட்டிக்கொடுக்கும்.

எவ்வளவு என்று சொல்வது ஆடியோமீட்டர். 1922 வாக்கில் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் மின்னணுக் குழாய்களால் செய்த கருவிக்குப் பிறகு அது மருத்துவமனைகளுக்குள் வந்தது. பெரியம்மாவைச் சோதனை அறைக்குள் உட்கார வைத்த நாள் நினைவிருக்கிறது. தடித்த கதவு, சுவரெல்லாம் துளை போட்ட பலகை. கதவைச் சாத்தியதும் தன் மூச்சே தனக்குக் கேட்கிற அமைதி. காதில் ஹெட்போன், வலதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். கையில் ஒரு பட்டன். "அம்மா, எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்கிடுங்க. கேட்ட மாதிரி இருந்தாலும் அமுக்குங்க" என்றார் சோதிக்கும் பெண்.

முதலில் 1000 ஹெர்ட்ஸ். கேட்டால் 10 டெசிபல் இறக்குவார்கள், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார்கள். இறங்கி ஏறி, இறங்கி ஏறி, ஏறும்போது மூன்றில் இரண்டு முறை கேட்கும் மிகச் சிறிய அளவே அந்தச் சுருதிக்கான வாசல். பிறகு 2000, 4000, 8000. திரும்பி வந்து 500, 250. தாளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி: வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி. மேலே 0, கீழே போகப் போக எண் கூடும். அதாவது கோடு கீழே இறங்கினால் கேள்வி குறைவு. அந்த 0 என்பது நிசப்தம் அல்ல. ஆரோக்கியமான இளைஞர்கள் சராசரியாகக் கேட்கும் மிக மெல்லிய ஒலி அது. சிலருக்கு அதற்கும் கீழே கேட்கும்.

அடுத்து ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஓர் எஃகு வில்லைத் தலையில் மாட்டினார்கள். அதன் முனையில் தீப்பெட்டியைவிடச் சிறிய கறுப்புக் கட்டி. முடியை ஒதுக்கி, காது மடலில் படாமல், பின்னால் உள்ள எலும்பில் அது அழுந்தி உட்கார வேண்டும். அரைக் கிலோவுக்குச் சற்று மேலான எடையின் அழுத்தம். பெரியம்மா முகத்தைச் சுளித்தார். தாழ்ந்த சுருதியில் ஒலியை அதிகமாக்கினால் காது கேட்பதற்கு முன் தோலே அதிர்வை உணர்ந்துவிடும். உணர்ந்ததைக் கேட்டதாக நினைத்துப் பட்டனை அமுக்கிவிடுவார்கள். சோதிப்பவருக்கு அனுபவம் வேண்டும் என்பது இதனால்தான்.

அனுபவம் இதைவிட அதிகமாக வேண்டிய இடம் ஒன்று உண்டு. மண்டையோடு ஒரே கூடு. வலது பக்கம் அதிர வைத்தால் இடது உட்செவியும் ஏறக்குறைய அதே அளவு அதிரும். வலது காது முழுவதும் செத்திருந்தாலும் இடது காது கேட்டுப் பட்டனை அமுக்க வைத்துவிடும். தாளில் வலது காதின் எலும்புவழி அருமையாக இருப்பதாக விழும். அதை நம்பி உயிரில்லாத காதில் அறுவை செய்யப் போனால்? இதற்கு ஒரே வழி, சோதிக்காத காதுக்குள் 'ஸ்ஸ்ஸ்' என்று மறைப்பொலியைச் செலுத்தி அதை வேறு வேலையில் வைத்திருப்பது. பக்கத்து வயலில் கசிந்து வரும் தண்ணீரை மடை போட்டு நிறுத்திவிட்டுத்தானே நம் போர் எவ்வளவு இறைக்கிறது என்று பார்க்க முடியும்? வியன்னாவின் ராபர்ட் பாரானி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதற்காகக் கடிகாரம் போலச் சாவி கொடுத்துக் கடகடக்க வைக்கும் ஒரு இரைச்சல் பெட்டியைச் செய்தார். ஹெட்போன் வழியாகப் போகும் ஒலிகூடச் சுமார் 40 டெசிபலைத் தாண்டினால் மறுபக்கம் கசியும். மறைப்பொலி தேவைப்படும் காதை அது இல்லாமல் எடுத்த தாளை நான் அரைத் தாள் என்றே சொல்வேன்.

இரண்டு பாதையும் ஒரே இடத்தில்தான் முடிகிறதா என்ற சந்தேகம் நியாயமானது. புடாபெஸ்ட்டில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த பெக்கேஷி 1932ல் அதைத் தீர்த்தார். ஒரே சுருதியைக் காற்றுவழியும் எலும்புவழியும் ஒருசேரக் கொடுத்து, ஒன்றின் ஏற்றம் மற்றதன் இறக்கத்தோடு பொருந்தும்படி திருகினார். இரண்டும் ஒன்றையொன்று அழித்து அமைதி வந்தது. ஒரே வயலில் போய்ச் சேராத இரண்டு தண்ணீர் இப்படிக் கணக்கைத் தீர்த்துக்கொள்ள முடியாது. உட்செவி ஆராய்ச்சிக்காக அவருக்கு 1961ல் நோபல் பரிசு கிடைத்தது. உவமைக்கும் ஒரு எல்லை உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும்: எலும்புவழி நடுச்செவியை முழுக்கத் தவிர்ப்பதில்லை. அங்கவடி இறுகிப்போன காதில் 2000 ஹெர்ட்ஸ் பக்கம் எலும்புவழிக் கோடும் சற்றே குழியும். ரேமண்ட் கார்ஹார்ட் 1950ல் விளக்கிய அந்தக் குழி, எலும்பைச் சரிசெய்ததும் பெரும்பாலும் மறைந்துவிடும்.

பெரியம்மாவின் தாள் வந்தது. காற்றுவழி வலதில் 40, இடதில் 55. எலும்புவழி இரண்டிலும் 10 பக்கம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வெறும் வெள்ளைத் தாள். அந்த வெள்ளைதான் நோய். அது முழுக்க மீட்கக்கூடிய கேள்வி. நாற்பது வருடமாக வயல் நன்றாகவே இருந்திருக்கிறது, கிழிந்த செவிப்பறைதான் தண்ணீரை உள்ளே விடவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு முகாமில் ஹெட்போனை மட்டும் மாட்டிப் பார்த்துவிட்டு, "காது மிஷின் போட்டுக்கங்க, வேற வழியில்ல" என்று அனுப்பியிருந்தார்கள். சீழ் வடியும் காதில் அந்த மிஷினின் அச்சைச் செருகி அவர் பட்ட அவதி எனக்கு இன்னும் ஆறவில்லை. எலும்புவழியையும் அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

பெரியப்பாவின் தாள் வேறு மாதிரி. தாழ்ந்த சுருதிகளில் கோடு மேலேயே நின்றது. 3000ஐத் தாண்டியதும் சரிந்து 4000ல் பள்ளத்தில் விழுந்து, 8000ல் கொஞ்சம் ஏறியது. எலும்புவழிக் குறிகள் காற்றுவழியின் மேலேயே ஒட்டி விழுந்தன. கழித்தால் பூஜ்யம். அடைப்பு எதுவும் இல்லை. மயிரணுக்களே போய்விட்டன, மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சல் தின்ற காதின் கையெழுத்து இந்த 4000 ஹெர்ட்ஸ் பள்ளம். தவிலுக்குப் பக்கத்தில் வாழ்நாளைக் கழிப்பவரும், கதிர் அறுக்கும் மெஷினை நாள் முழுக்க ஓட்டுபவரும் காதைக் காத்துக்கொள்ளாவிட்டால் இதே பள்ளத்துக்குத்தான் வருவார்கள். "சத்தம் கேக்குது, வார்த்தைதான் புரியல" என்று பெரியப்பா சொல்வார். உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. தட்டு, கட்டு, பட்டு என்று பிரித்துக் காட்டும் வல்லினத்தின் வெடிப்பும் சகரத்தின் உரசலும் பெரிதும் உயர்ந்த சுருதிகளில். அவருக்கு எல்லாமே 'அட்டு'. உரக்கச் சொல்வதைவிட, முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னால் புரியும். அவருக்கு மிஷின்தான் சரி; உயர்ந்த சுருதியை மட்டும் தூக்கிக் கொடுப்பதாகப் பார்த்து வாங்கினோம்.

காதுத் துவாரமே இல்லாமல் பிறக்கும் குழந்தைகளும் உண்டு. பார்த்தவுடன் 'செவிடு' என்று முடிவு கட்டிவிடுவார்கள். அவர்களில் பலருக்கு எலும்புவழிக் கோடு உச்சியிலேயே நிற்கும். வாய்க்காலே வெட்டாத நல்ல வயல். ஒரு துணிப் பட்டையில் அதிரும் கட்டியைக் கோத்து நெற்றியில் கட்டிவிட்டால் தாலாட்டு கேட்கிறது. வளர்ந்த பிறகு, ஸ்வீடனில் 1977ல் தொடங்கிய முறைப்படி, டைட்டானியம் திருகை மண்டையெலும்பில் பதித்து அதில் கருவியை மாட்டிக்கொள்ளலாம்.

பெரியம்மாவுக்கு இடது காதில் அறுவை நடந்தது. முதலில் மருந்து போட்டுக் காதைக் காய வைத்தார்கள். பிறகு காதுக்கு மேலே பொட்டுத் தசையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை எடுத்து, கிழிந்த செவிப்பறைக்குக் கீழே விரித்து ஒட்டினார்கள். மூன்று மாதம் தலைக்குக் குளிக்கும்போதெல்லாம் வாசலின் தடவிய பஞ்சு. அதன் பிறகு எடுத்த தாளில் 55 இருந்த இடத்தில் 25.

வீட்டுக்கு வந்தவர் முதல் வாரம் முழுக்க மிரண்டபடியே இருந்தார். தாளிக்கிற சத்தம், கொல்லையில் தென்னை மட்டை உரசுவது, எல்லாமே புதிது. வெளிச்சத்தம் உள்ளே வந்ததும் அவருடைய குரல் அவருக்கே சின்னதாகிவிட்டது. தன்னை அறியாமல் உரத்துப் பேசத் தொடங்கினார். ஒரு நாள் அடுப்படியிலிருந்து "என்னங்க, காப்பி ஆறுது" என்றார். திண்ணையில் மிஷினைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த பெரியப்பா திரும்பிப் பார்த்தார்.

"இப்பத்தான் நீ பேசறது எனக்குக் கேக்குது" என்றார்.